கல்லில் நின்ற இசையும் கையில் நின்ற இசையும்

இசை வரலாற்றை ஆராய விழையும் இளைஞர்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தொடங்கலாம். குடுமியான்மலைப் பாறையில் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியாரின் மாணவனான அரசன் ஒருவன் அவற்றைச் செய்வித்தான் என அக்கல்வெட்டே கூறுகின்றது. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் இசைக் கல்வெட்டுகள் உள்ளன.

அரசன் பொறிப்பித்த இசை கல்லில் நின்றது. பறையைத் தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்துப் போற்றியது. ஆயினும் பறை முழக்கிய நம் முன்னோர்க்குக் கல் வெட்டுவிக்கும் செல்வமோ, ஏடெழுதும் கல்வியோ வாய்க்கவில்லை. அவர்தம் இசை கையிலும் காதிலுமே தங்கிற்று. ஆகவே அதனைத் தேடும் முறையும் வேறாகும்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அரசவையைச் சார்ந்த இசைச் சுவடிகள் மிகுதி. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் உள்ளன. டச்சு அறிஞர் ஆர்னால்டு பாக்கே 1938-39ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பதிவு செய்த ஒலிகள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1984இல் ஜைரஸ்போய் என்னும் அறிஞர் அப்பதிவுகளின் படிகளுடன் பாக்கே சென்ற ஊர்களுக்கே சென்று, பாடியவர்களையும் அவர் வழியினரையும் தேடினார். ஆவணக் காப்பகம் சென்ற குரல் ஊர் திரும்பவும் கூடும் என்பதற்கு இது சான்று.

இத்தகைய இடங்களில் ‘இசை’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் தேடுவது போதாது. சாதி, திருவிழா, சாவுச்சடங்கு, கருவி, ஊர் ஆகிய தலைப்புகளிலும் பட்டியல்களைப் புரட்டுதல் வேண்டும். கண்டவற்றின் எண், ஆண்டு, இடம், இசைத்தவர் பெயர் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பெயர் இல்லையெனில், அவ்வின்மையையும் குறித்தல் வேண்டும், அதுவும் வரலாறே.

“இழிவெனச் சுமத்திய பறையை ஏன் ஆராய வேண்டும்?” என நம்மவர் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானது. கட்டாயத்தின்பேரில் முழக்க மறுத்ததும் நம் விடுதலை வரலாற்றின் ஒரு பகுதியே. ஆயினும் இழிவு சுமத்தியவர் செயலில் உள்ளது, இசையில் இல்லை. சிவகங்கைச் சீமையில் பிறந்து, நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்தும் மேடையில் பாடியும் பேராசிரியராக உயர்ந்த கே. ஏ. குணசேகரன் (1955-2016) இவ்வுண்மையை வாழ்ந்தே காட்டினார்.

ஆகவே இளைஞர்களே, நூலகப் பட்டியலைப் புரட்டுமுன் உங்கள் ஊர்ப் பெரியவர்களை நாடுங்கள். அவர்தம் இசைவு பெற்று, ஒவ்வோர் அடியையும் அதன் பெயருடனும் அது முழங்கும் வேளையுடனும் பதிவு செய்யுங்கள். முழக்கியவர் பெயரை முதலில் எழுதுங்கள். ஒரு படியை நம் கழக நூலகத்தில் சேருங்கள். குடுமியான்மலைக்குக் கல் கிடைத்தது. நமக்கு இன்று கல்வி கிடைத்துள்ளது.