மேற்கோள் அடைவு: எச்சரிக்கைக் கருவி மதிப்பெண்ணாக மாறிய வரலாறு

1873ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் வழக்கறிஞர்களுக்காகப் பசை தடவிய சிறு காகிதத் துண்டுகளை விற்கத் தொடங்கினார். தீர்ப்புத் தொகுப்பில் ஒரு வழக்கு அச்சாகியிருக்கும் பக்கத்தின் ஓரத்தில் அதை ஒட்டிக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்பது அதில் இருக்கும். பின்னர் இவை தனி நூல்களாக வந்தபோது, ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி சேர்ந்தது. பழைய தீர்ப்பு பின்பற்றப்பட்டதா, விமர்சிக்கப்பட்டதா, தள்ளுபடியானதா என்பதை அந்தக் குறி சொல்லிவிடும். செல்லாத தீர்ப்பை நம்பி வாதாடப் போகும் வழக்கறிஞரைத் தடுக்க அது போதும்.

இன்று ஒரு மருத்துவ ஆய்வாளரின் தகுதியை அளக்கும் எண்களுக்கெல்லாம் மூதாதை இந்தக் காகிதத் துண்டுதான். அது மருத்துவத்துக்கு வந்த வழியில் எழுத்துக் குறி உதிர்ந்தது. எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. அந்த இழப்பு எப்படி நேர்ந்தது, அதற்கு மருத்துவம் என்ன விலை கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடுவதற்கு அடைவுகள் முன்பே இருந்தன. அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தின் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ அவற்றுள் தலையாயது. ஒரு நோயைப் பற்றி யார் யார் எழுதினார்கள் என்று அதில் பார்க்கலாம். எழுதியதற்குப் பின் அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்பதை அதில் பார்க்க முடியாது. 1927இல் கிராஸ், கிராஸ் என்ற இருவர் ஒரே வேதியியல் ஆய்விதழின் அடிக்குறிப்புகளிலிருந்து 3,633 மேற்கோள்களை எண்ணினார்கள். சிறிய கல்லூரி நூலகம் எந்த இதழ்களுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்யத்தான் அந்தக் கணக்கு. தனி மனிதர் எவரையும் அளப்பது அவர்கள் நோக்கத்திலேயே இல்லை.

திருப்பம் யூஜின் கார்ஃபீல்டிடம் வந்தது. 1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில் அடைவுத் திட்டம் ஒன்றில் சேர்ந்த இளைஞர் அவர். 1953இல் அத்திட்டத்தினர் நடத்திய மாநாட்டுச் செய்தியைக் கேள்விப்பட்டு, ஷெப்பர்டு நிறுவனத்தின் ஓய்வுபெற்ற துணைத் தலைவர் வில்லியம் அடேர் ஒரு கடிதம் எழுதினார். சட்டத்துறையில் இப்படி ஒரு முறை இருக்கிறது, மருத்துவத்துக்கும் ஆகுமே என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டு கழித்து ‘சயன்ஸ்’ இதழில் கார்ஃபீல்டு மேற்கோள் அடைவுக்கான திட்டத்தை முன்வைத்தார். அந்தக் கட்டுரையை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். முழுமையற்ற, காலாவதியான, மோசடியான தரவுகளை ஆராயாமல் மேற்கோள் காட்டும் பழக்கத்தை ஒழிப்பது அதில் முதலில் சொல்லப்படும் நோக்கம். ஒரு கட்டுரைக்கு எழுந்த மறுப்புகளை அடுத்து வரும் ஆய்வாளர் தவறவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் துணை நின்றதால் அரசு நிதி கிடைத்தது. 1964 முதல் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ முறையாக வெளிவந்தது. 1961ஆம் ஆண்டுக்கான முதல் தொகுதி 613 ஆய்விதழ்களையும் ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களையும் உள்ளடக்கியது. இத்தனை மேற்கோளையும் ஆள் வைத்துப் படித்து, இது ஏற்பு, இது மறுப்பு என்று குறி போடுவது நடவாத காரியம். எழுத்துக் குறி கைவிடப்பட்டது இங்கேதான். எந்த இதழ்களை அடைவில் சேர்ப்பது என்று தீர்மானிக்க கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் உருவாக்கிய, ஓர் இதழின் கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று சொல்லும் ‘தாக்கக் காரணி’, 1975 முதல் ஆண்டறிக்கையாகவே வரத் தொடங்கியது. இதழை அளக்கச் செய்த கோல், இதழில் எழுதியவரை அளக்கக் கைமாற அதிகக் காலம் ஆகவில்லை.

2005இல் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸை முன்மொழிந்தார். ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 40, 22, 9, 5, 3, 1 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. குறைந்தது நான்கு முறை எடுத்தாளப்பட்ட நான்கு கட்டுரைகள் அவரிடம் உண்டு என்பது பொருள். ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது ஐந்நூறு முறை எடுத்தாளப்பட்டாலும் அவருக்கு 1தான். முந்தைய ஆண்டு தொடங்கிய கூகுள் ஸ்காலர், இந்த எண்ணை யாரும் காசின்றி, ஒரு நொடியில் பார்க்கும்படி செய்துவிட்டது.

எண்ணிக்கை எதை மறைக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கசப்பான சான்று உண்டு. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மருத்துவமனையில் தங்கி, போதைத்தன்மை கொண்ட வலிநீக்கிகளைப் பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வர் மட்டுமே அவற்றுக்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அக்குறிப்பு. வார்டில், செவிலியர் கண்காணிப்பில் மருந்து பெற்றவர்கள் அவர்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் கனடிய ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளைத் தேடிப் படித்தார்கள். அவற்றில் 439, ஓபியாய்டு எனப்படும் இவ்வகை வலிநீக்கிகள் அடிமைப்படுத்துவது அரிது என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. ஆய்வுக்குள்ளானவர்கள் உள்நோயாளிகள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததும் மேற்கோள்கள் பெருகின. வட அமெரிக்காவில் அதன் பின் ஓபியாய்டுகளால் நேர்ந்த உயிரிழப்புகளை நாம் அறிவோம். அடைவின் கண்ணுக்கு அது 608 புள்ளிகள் எடுத்த வெற்றிகரமான எழுத்து. ஷெப்பர்டின் எழுத்துக் குறி இருந்திருந்தால் எத்தனை பேர் ஒரு கணம் நின்று யோசித்திருப்பார்கள்!

வேறு விதத்திலும் எண் தடுமாறும். புரத அளவைக் கணக்கிடும் ஆய்வக முறை ஒன்றை விளக்கும் ஆலிவர் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அது தம்முடைய மகத்தான ஆய்வு அன்று என்று லௌரியே எழுதியிருக்கிறார்.

தமிழர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான். கந்தசாமியின் மகன் சரவணன் ஓர் இதழில் ‘கே. சரவணன்’ என்று வருவார். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிய இன்னோர் இதழில் தந்தை பெயரே குடும்பப் பெயராகி ‘எஸ். கந்தசாமி’ ஆகிவிடுவார். அடைவில் ஒரே ஆள் இருவராகப் பிரிவார். ஊரில் உள்ள மற்ற கே. சரவணன்களோ ஒருவராகச் சேர்ந்துவிடுவார்கள். 2012இல் வந்த ஆர்க்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இதைத் தீர்க்கிறது. இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்வது நல்லது.

இந்த அடைவுகளை நல்ல வழியில் பயன்படுத்தியவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த தகவலியலாளர் சுப்பையா அருணாசலம், காசநோய், நீரிழிவு குறித்து இந்தியாவில் நடக்கும் ஆய்வை நோய்ச்சுமையோடு ஒப்பிட்டு வரைபடமாக்கினார். நாட்டின் கொள்கையை நோக்கிக் கேள்வி கேட்டவை அந்த ஆய்வுகள். சமிரன் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கும் அவ்வகையே: 2005 முதல் 2014 வரை, 579 இந்திய மருத்துவ நிறுவனங்களில் 332 ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை.

கட்டாயப்படுத்தினால் அந்த வெற்றிடம் நிரம்பும் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் நம்பின. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், முதல் இரண்டு ஆசிரியர்களுக்கே அது கணக்கில் வரும் என்று 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவித்தது. பின்னர் விதி தளர்ந்தது. இதழின் தாக்கக் காரணியை வைத்து மனிதரை எடைபோடாதீர்கள் என்று, ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது.

பெயர் வரிசையைக் கணக்கிட்ட அந்த 2015ஆம் ஆண்டு விதியை 1959ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், 21ஆம் தொகுதியில், 51ஆம் பக்கம் முதல் 144 வரை அது நீள்கிறது. சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்ற நிலை வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எவர் பெயரும் இல்லை. ‘காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மதராஸ்’ என்று மட்டும் இருக்கிறது. யாருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஒன்றைக்கூடக் கூட்டாது.

அந்த 94 பக்கங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வுக் குழுவில் அமரும் பேராசிரியர்கள் ஒருமுறை அவற்றைப் படிக்க வேண்டும். பிறகு, எதிரே அமர்ந்திருக்கும் விண்ணப்பதாரரின் ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படிக்க வேண்டும்.