போனில் வருது, கம்ப்யூட்டரில் வரலையா? அவுட்லுக், தண்டர்பேர்டில் மெயில் நின்னுபோனா செய்ய வேண்டியது என்ன?

இன்டர்நெட் நல்லா ஓடுது. போனில் ஜிமெயில் டிங் டிங்னு வந்துக்கிட்டே இருக்கு. ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ நாலு நாளா ஒரு மெயில் கூட இறங்கலை. சென்னையில் பெரிய ஆபீஸ் என்றால் ஐ.டி. ஆள் வந்து பார்த்துவிடுவார். ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் மாதிரி ஊரில் ஆடிட்டர் ஆபீஸோ, ஜெராக்ஸ் கடையோ, வாழைக்காய் மண்டியோ நடத்துறவங்க? பெரும்பாலும் தாங்களேதான் பார்த்துக்கணும். அவங்களுக்காகத்தான் இந்த தொகுப்பு.

இதில் என்ன பெரிய நஷ்டம்?

வருமான வரி ரிட்டர்னில் குறை இருக்கு என்று நோட்டீஸ் வந்தால், பதில் தர பொதுவாக 15 நாள்தான். கணக்கில் திருத்தம் செய்யப் போகிறோம் என்ற தகவல் வந்தால் 30 நாள். இந்த தகவல்கள் மெயிலில்தான் வருது. நீங்க மெயிலைத் திறந்த நாளில் இருந்து கெடு தொடங்காது. கம்ப்யூட்டரில் பழைய மெயில் எல்லாம் அப்படியே தெரியுறதால, புதுசு வரலை என்பதே பலருக்கு தெரியாமல் போகுது. மெயில் நின்னிருக்குனு சந்தேகம் வந்தால், வரி இணையதளத்துக்கு நேரா போய் லாகின் பண்ணி ஒரு தடவை பார்த்துடுங்க.

முதல் 2 நிமிடம்: கோளாறு எங்கே?

பிரவுசரைத் திறந்து ஜிமெயிலிலோ, உங்க மெயில் எதுவோ அதிலோ நேரடியா லாகின் பண்ணுங்க. அங்கே புது மெயில் இருந்தால், மெயில் தொலையலை. சர்வரில் பத்திரமா இருக்கு, உங்க கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்தான் எடுத்து வரலை. அங்கேயும் புது மெயில் இல்லை என்றால் சிக்கல் கணக்கில்தான்.

கணக்கில் சிக்கல் என்றால் முதலில் இடத்தைப் பாருங்க. இலவச ஜிமெயிலில் கிடைப்பது 15 ஜி.பி. இது மெயிலுக்கு மட்டும் இல்லை, டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து. போனில் எடுத்த கல்யாண வீடியோவும் கொடை போட்டோவும் அதே 15 ஜி.பி.யைத்தான் சாப்பிடுது. நிரம்பிட்டால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பினவருக்கே திரும்பிப் போயிடும். பெரிய ஃபைல்களை அழிச்சுட்டு, டிராஷையும் காலி பண்ணுங்க.

சின்ன பட்டன், பெரிய தலைவலி

அடுத்து, 'வொர்க் ஆஃப்லைன்' பட்டன். அவுட்லுக்கில் 'சென்ட் / ரிசீவ்' பகுதியிலும், தண்டர்பேர்டில் ஃபைல் மெனுவிலும் இது இருக்கு. தெரியாமல் கை பட்டிருந்தால் எதுவும் வராது, போகாது. அவுட்லுக் ஜன்னலின் கீழ் ஓரத்தைப் பாருங்க. 'வொர்க்கிங் ஆஃப்லைன்' என்றிருந்தால் அந்த பட்டனை இன்னொரு தடவை அழுத்தினால் போதும். 'நீட் பாஸ்வேர்டு' என்றிருந்தால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனா ஏத்துக்க மாட்டேங்குதே?

சமீப வருஷங்களில் மெயில் நிக்கிறதுக்கு முக்கிய காரணம் இதுதான். முன்னெல்லாம் மெயில் புரோகிராமில் பாஸ்வேர்டை ஒரு தடவை போட்டுட்டா போதும். அந்த முறையை நிறுவனங்கள் ஒவ்வொண்ணா மூடிட்டாங்க. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தியது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. திருட்டு பாஸ்வேர்டை வெச்சு யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பதுதான் காரணம்.

இப்போ என்ன வழி? புது தண்டர்பேர்டில் கணக்கின் செட்டிங்ஸ் போய், லாகின் முறையை 'ஓ-ஆத் 2' என்று மாத்துங்க. கூகுளின் சொந்த லாகின் பக்கம் திறக்கும், அதில் அனுமதி கொடுத்தால் முடிஞ்சது. அவுட்லுக் 2010, 2013 மாதிரி பழசு என்றால், ஜிமெயிலுக்கு 'ஆப் பாஸ்வேர்டு' வேணும். கூகுள் கணக்கில் 2 படி சரிபார்ப்பை ஆன் பண்ணினால், 16 எழுத்து பாஸ்வேர்டு ஒன்றை எடுத்துக்கலாம். அதை அவுட்லுக்கில் போடணும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை நீங்க மாத்தினால், பழைய ஆப் பாஸ்வேர்டு எல்லாம் தானா ரத்தாகிடும். "போன வாரம் பாஸ்வேர்டு மாத்தினேன், அதுக்கப்புறம் மெயில் வரலை" என்பவர்கள் புதுசா ஒண்ணு எடுத்தால் சரியாகிடும்.

ஹாட்மெயிலுக்கு இந்த ஆப் பாஸ்வேர்டு வழியும் இப்போ கிடையாது. பழைய அவுட்லுக்கை விட்டுட்டு புது அவுட்லுக்குக்கோ தண்டர்பேர்டுக்கோ மாறணும். விண்டோஸோட கூடவே வந்த 'மெயில்' ஆப்பை வெச்சிருந்தவங்களுக்கும் இதே கதைதான். அதற்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-ஓடு முடிஞ்சுபோச்சு.

தென்காசிக்காரங்க மெயில்?

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் மெயிலை நம்ம பக்கத்தில் பல சின்ன கம்பெனிகள் பயன்படுத்துறாங்க. அதன் இலவச திட்டத்தில் பிரவுசரிலும் ஜோஹோவின் சொந்த ஆப்பிலும் மட்டும்தான் மெயில் பார்க்க முடியும். அவுட்லுக், தண்டர்பேர்டோடு இணைக்கும் 'ஐமேப்' வசதி கட்டண திட்டத்தில்தான். கட்டணம் கட்டியிருந்தும் வரலையா? செட்டிங்ஸில் ஐமேப் ஆன் ஆகியிருக்கா பாருங்க. இந்தியாவில் தொடங்கின கணக்கு என்றால் சர்வர் பெயர் 'டாட் இன்' என்று முடியணும். 'டாட் காம்' போட்டால் இணையாது.

கடிகாரத்தைப் பாருங்க

யாரும் யோசிக்காத காரணம், கம்ப்யூட்டரின் தேதி. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டின மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணிக் கரை ஊர்களில் பல இடங்களில் கரண்டும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. அந்த மாதிரி பல நாள் அணைஞ்சு கிடக்கும் கம்ப்யூட்டரில், மதர்போர்டில் உள்ள காசு மாதிரி பேட்டரி செத்திருந்தால், தேதி பல வருஷம் பின்னால் போயிடும்.

மெயில் சர்வர் காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்கு தொடக்க தேதியும் முடிவு தேதியும் உண்டு. உங்க கம்ப்யூட்டர் இன்னும் 2015-லேயே இருந்தால், அந்த சான்றிதழ் செல்லாதுனு நினைச்சு இணைப்பைத் துண்டிச்சிடும். தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூணையும் சரி பண்ணுங்க. கரண்டு போய் வரும்போதெல்லாம் தேதி மாறினால், சி.ஆர். 2032 என்று கேட்டு பேட்டரி வாங்கி மாத்துங்க. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்த ரகம்தான்.

இன்னும் வரலையா?

ஆன்டிவைரஸில் 'மெயில் ஸ்கேன்' வசதியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்க. தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்க. ஐமேப் சர்வரின் போர்ட் எண் 993 என்று இருக்கணும். மெயில் வருது, ஆனா போகலை என்றால் அனுப்பும் சர்வரின் போர்ட் 465 அல்லது 587 ஆக இருக்கா பாருங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

"கணக்கை டெலீட் பண்ணிட்டு திரும்ப போட்டா சரியாகிடும்" என்று யாராவது சொல்வாங்க. அவசரப்படாதீங்க. ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும், பயமில்லை. பழைய 'பாப்' முறை என்றால், சர்வரில் நகல் வைக்காத செட்டிங்கில் உங்க மெயில் எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். கணக்கோடு டேட்டாவையும் நீக்கிட்டா பல வருஷ பில், கொட்டேஷன் எல்லாம் போச்சு. அவுட்பாக்ஸில் போகாமல் நிற்கும் மெயிலும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கு. முதலில் அவுட்லுக்கின் பி.எஸ்.டி. ஃபைலையோ, தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரையோ பென்டிரைவில் காப்பி எடுங்க. அப்புறம் கை வைங்க.

இன்னொண்ணு, கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, கிடைச்ச நம்பருக்கு போன் போடாதீங்க. மோசடிக்காரங்க இப்படி போலி நம்பர்களை போட்டு வைக்கிறாங்க. ஓ.டி.பி. கேட்டாலோ, ஸ்க்ரீனைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலோ உடனே கட் பண்ணுங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழைங்க.

சரியாகும் வரை பிரவுசரிலோ போனிலோ தினமும் ஒரு தடவை மெயிலைப் பார்த்துடுங்க. கம்ப்யூட்டரை மெதுவா சரி பண்ணிக்கலாம், நோட்டீஸ் கெடு காத்திருக்காது.