நிரூபித்தால் வக்கீல்: இங்கிலாந்தில் சட்ட உதவியின் கதை

ஊரில் இது நள்ளிரவை நெருங்கும் நேரம். அங்கிருந்தும் சிலர் இணைந்திருக்கிறீர்கள், நன்றி.

சட்ட உதவியின் வரலாற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "சிஸ்டர், ஆஸ்பத்திரி அனுபவம் ஏதாவது சொல்லலாமே" என்றார். நான் நர்சிங் டிப்ளமா படித்தவள். சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் இந்த இரண்டு தொழில்களும் ஒரு காலத்தில் ஒரே மனிதரின் மேசைக்கு வந்திருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

அவர் பெயர் ஹென்றி பெட்டர்டன். நாட்டிங்காம்ஷயரில் ரஷ்கிளிஃப் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி., 1931 முதல் 1934 வரை தொழிலாளர் துறை அமைச்சர், பிறகு ரஷ்கிளிஃப் பிரபு. 1941இல் நர்ஸுகளின் சம்பளத்தை ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அதுவரை ஒரு நர்ஸுக்கு என்ன சம்பளம் என்பது அந்தந்த மருத்துவமனை நிர்வாகத்தின் மனதைப் பொறுத்தது. 1943இல் வந்த அவருடைய அறிக்கை நாடு முழுவதற்குமான சம்பள அளவை வகுத்தது. அக்கால வேலை விளம்பரங்களில் "சம்பளம்: ரஷ்கிளிஃப் ஸ்கேல்படி" என்றே போட்டிருப்பார்கள். அது முடிந்த மறு வருடமே அவரிடம் இன்னொரு குழுவை ஒப்படைத்தார்கள். வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பது அந்தக் குழுவின் கேள்வி.

கேள்வி பழையதுதான். 1495இல், ஏழாம் ஹென்றி காலத்திலேயே, ஏழைகள் கட்டணமில்லாமல் வழக்குத் தொடுக்கலாம், நீதிமன்றம் அவர்களுக்கு வக்கீலை நியமிக்கும் என்று சட்டம் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. பின்னாளில் அதில் நுழைய ஒரு சத்தியம் செய்ய வேண்டியிருந்தது: உடுத்தியிருக்கும் துணியைத் தவிர ஐந்து பவுண்டு பெறுமான சொத்துகூட எனக்கில்லை என்று. வழக்குத் தோற்றால்? செலவுத் தொகையைக் கட்டு, இல்லாவிட்டால் சவுக்கடி வாங்கிக்கொள் என்று ஏழையிடமே தேர்வைக் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்ததாக பிளாக்ஸ்டோன் எழுதுகிறார். அவர் காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டில், அது ஒழிந்துவிட்டது.

லூக்கா சுவிசேஷத்து விதவையை ஞாயிறு பள்ளிக்குப் போனவர்கள் அறிவார்கள். நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்று நியாயம் வாங்கியவள். பிரசங்கங்களில் அதை விடாத ஜெபத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அவளுக்காகப் பேச ஒரு ஆள் இல்லையே என்றுதான் தோன்றும்.

குற்ற வழக்குகளில் வேறொரு ஏற்பாடு இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கையில் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தால், கோர்ட்டில் அங்கி அணிந்து உட்கார்ந்திருக்கும் பாரிஸ்டர்களில் ஒருவரை விரல் நீட்டித் தேர்ந்தெடுக்கலாம். மறுக்க முடியாது என்பது அந்தத் தொழிலின் மரபு. அனுபவமுள்ள பாரிஸ்டர்கள் அந்த நேரம் பார்த்து நழுவிவிடுவார்கள் என்பது ஊரறிந்த நகைச்சுவை.

மற்ற வழக்குகளுக்கு வக்கீல்களின் தர்ம சிந்தையை நம்பித்தான் காலம் ஓடியது. அதை உடைத்தது இரண்டாம் உலகப் போர். அவசரக் கல்யாணங்கள், வருடக்கணக்கில் பிரிவு, பிறகு விவாகரத்துக் கேட்டு படைவீரர்களின் மனுக்கள். தர்மத்துக்கு வேலை பார்க்கும் வக்கீல்களால் சமாளிக்க முடியவில்லை. அவர்களில் பலரே போருக்குப் போயிருந்தார்கள். 1942இல் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, படையினரின் விவாகரத்துக்கென்றே ஒரு பிரிவைத் திறந்தது. அரசுப் பணத்தில் சட்ட உதவி என்ற பெரிய யோசனைக்கு முன்மாதிரி இப்படித்தான் வந்தது. தத்துவம் பிறகு சேர்ந்துகொண்டது.

ரஷ்கிளிஃப் குழுவின் அறிக்கை 1945இல் வந்தது. பரம ஏழைக்கு மட்டும் உதவினால் போதாது, நடுத்தர வருமானக்காரரும் வழக்கென்று வந்தால் திவாலாகிவிடுவார், அவரிடம் வசதிக்கேற்ற பங்கை வாங்கிக்கொண்டு மீதியை அரசு கொடுக்கட்டும் என்றது. வக்கீல்கள் அரசு ஊழியர்களாக வேண்டாம், ஏனென்றால் பல வழக்குகளில் எதிர்த்தரப்பே அரசுதான். எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்னப் பரிந்துரை. இவர்களை இனி "ஏழை" என்று குறிக்கக்கூடாது, "உதவி பெறுபவர்" என்றே எழுத வேண்டும் என்றார்கள். வார்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோப்பின் மேல் எழுதும் ஒரு சொல், உள்ளே வருபவர் எப்படி நடத்தப்படுவார் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

அட்லியின் அரசு அதைச் சட்டமாக்கியது. 1948 ஜூலை 5 என்.எச்.எஸ். பிறந்த நாள், 1949 ஜூலை 30 சட்ட உதவிச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்த நாள். ஒரே அரசு, ஒரே பஞ்ச காலம். ஆனால் பிள்ளைகள் இரண்டும் ஒரே மாதிரி வளர்க்கப்படவில்லை. என்.எச்.எஸ். வாசலில் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. சட்ட உதவி கேட்டது. வருமானத்தைக் கணக்கிடும் வேலையை தேசிய உதவி வாரியத்திடம் கொடுத்தார்கள். ஏழைகளுக்குப் படியளந்த அதே அலுவலகம். பெயரை மாற்றினார்கள், விசாரிக்கிற ஆள் மாறவில்லை.

தொடக்கத்தில் நாட்டு மக்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் இதற்குள் வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் பணமில்லை. 1950 அக்டோபரில் உயர் நீதிமன்ற வழக்குகளோடு மட்டும் தொடங்கினார்கள். சாதாரண மக்கள் உண்மையில் போகும் கவுன்டி கோர்ட்டுக்கு அது வந்து சேர 1956 ஆனது. முதல் இருபது வருடங்களில் பெரும்பகுதி விவாகரத்து வழக்குகளே. வாடகை வீட்டுக்காரர், வேலை இழந்தவர், குடியேறி வந்தவர் ஆகியோரின் சிக்கல்களில் பழக்கமுள்ள வக்கீல்கள் மிகக் குறைவு. 1970இல் வடக்கு கென்சிங்டனில் ஒரு பழைய இறைச்சிக் கடையில் நாட்டின் முதல் சட்ட மையம் திறக்கப்பட்டது. கறி வெட்டிய கடையில் வக்கீல் என்று சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் தெருவோரக் கடைக்குள் நுழைய யாருக்கும் கூச்சமிருக்காது.

நம்மவர்கள் இந்தக் கதைக்குள் வருவது 1987இல். அந்த வருடம் பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறக்குறைய அறுபது ஈழத்தமிழர்களைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு நடந்தது. விமானத்தில் ஏற்றப் போகும் நேரத்தில், ஓடுபாதைப் பக்கத்தில், குளிரில், அவர்களில் பலர் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்தியதாக அந்தப் படம்தான் நினைவில் நிற்கிறது. உண்மையில் விமானத்தை நிறுத்தியது நீதிமன்றத் தடை உத்தரவு. யாரோ சில வக்கீல்கள் அந்த நேரத்தில் நீதிபதியிடம் ஓடியிருக்கிறார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. சரியான ஆவணமில்லாத பயணி ஒருவருக்கு ஆயிரம் பவுண்டு வீதம் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை அதே வருடம் கொண்டுவந்தது.

அதே காலத்தில் இன்னும் ஆறு தமிழர்களின் வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அகதிச் சட்டப் புத்தகங்களில் அது இன்றும் ஒரு தமிழ்ப் பெயரில்தான் வழங்குகிறது. 1987 டிசம்பரில் தோற்றார்கள். 1988இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தபடியே லண்டன் வக்கீல்கள் மூலம் மேல்முறையீடு நடத்தி 1989இல் வென்று திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட மேல்முறையீட்டில் வாதாட அன்று சட்ட உதவி கிடையாது. நடுவர் முன் ஒரு அகதிக்காக வக்கீல் பேச அரசுப் பணம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் எத்தனை பேர் பேச ஆளில்லாமல் தோற்று விமானம் ஏறினார்கள் என்பதை அந்தத் தலைமுறைக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது 2013. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பழைய வரிசையைத் தலைகீழாக்கியது. முன்பு விலக்கியவை தவிர எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. இனி பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே உண்டு. புகலிடம் பட்டியலில் தங்கியது. பெரும்பாலான குடியேற்ற வழக்குகள், அரசு உதவித்தொகைச் சிக்கல்கள், கணவன் மனைவி பிரிவு, குழந்தை யாரிடம் இருப்பது என்பவை வெளியே போயின. வருடத்துக்கு 350 மில்லியன் பவுண்டு மிச்சம் பிடிப்பது நோக்கம். முதற்கட்டச் சட்ட ஆலோசனை பெற்ற சிவில் வழக்குகள் அதற்கு முந்தைய வருடம் சுமார் 5,70,000. அடுத்த வருடம் சுமார் 1,70,000.

2014 ஜனவரியில் பாரிஸ்டர்கள் விக்கும் அங்கியுமாகத் தெருவில் நின்றார்கள். கொழுத்த வக்கீல்கள் சம்பளத்துக்கு அழுகிறார்கள் என்று பேசியவர்களே அதிகம். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவை மூடப்போகிறோம் என்று அறிவித்துப் பாருங்கள், ஊரே பதாகையோடு வரும். ஏனென்றால் அந்தக் காத்திருப்பு அறையில் பஸ் ஓட்டுநரும் உட்கார்ந்திருக்கிறார், வங்கி மேலாளரின் தாயும் உட்கார்ந்திருக்கிறார். சட்ட உதவியின் வாசலில் வருமானக் கணக்கு கேட்டுக் கேட்டு, காத்திருப்பு அறையில் ஏழைகள் மட்டுமே மிஞ்சினார்கள். இன்று மாத மொத்த வருமானம் 2,657 பவுண்டைத் தாண்டினால் சிவில் சட்ட உதவிக்குப் பொதுவாகத் தகுதி போய்விடும். பல வருடங்களாக அந்தத் தொகை மாறவில்லை. முழு நேரம் வேலை செய்யும், பேண்ட் 5இல் சில வருடம் கடந்த நர்ஸ் ஒருவர் அந்தக் கோட்டுக்கு மேலே போய்விடுகிறார். ரஷ்கிளிஃப் பிரபுவின் இரண்டு ஸ்கேல்களும் இங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். குடும்ப வழக்கில், வீட்டு வன்முறைக்கு ஆளானவர் என்று நிரூபிப்பவருக்கு உதவி உண்டு. எப்படி நிரூபிப்பது? போலீஸ் பதிவு, காப்பகத்தில் சேர்ந்த சான்று, இப்படி ஒரு பட்டியல். அதில் ஒன்று மருத்துவப் பணியாளரின் கடிதம். டாக்டர் மட்டுமல்லாமல் நர்ஸும் எழுதலாம். இந்தக் காயம் அல்லது இந்த நிலை வீட்டு வன்முறையால் வந்ததோடு பொருந்துகிறது, அப்படி அல்ல என்று நினைக்க எனக்குக் காரணமில்லை என்று எழுத வேண்டும். அதுவும் அன்று கடந்த 24 மாதங்களுக்குள் பார்த்ததாக இருக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். கடிதம் வானத்திலிருந்து வராது, நோயாளியின் குறிப்புகளிலிருந்து வரும். எழுதாதது நடக்காதது என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மணிக்கட்டு வீங்கிய ஒரு தமிழ்ப்பெண் வருகிறாள் என்று வையுங்கள். ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்கக் கணவரே கூட வந்திருக்கிறார். "மாடிப்படியில விழுந்துட்டா" என்கிறார். குறிப்பில் அதுதான் ஏறும். மூன்று வருடம் கழித்து அவள் துணிந்து வக்கீலைத் தேடிப் போகும்போது கோப்பில் இருப்பது மாடிப்படி. மொழிபெயர்த்தவர் யார் என்று எழுதி வைத்த நர்ஸ் இருந்தால் கொஞ்சம் வழியுண்டு. அதனால்தான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கச் சொல்லி எங்களில் சிலர் வார்டில் சண்டை போடுகிறோம். இருபது நிமிடம் தாமதமாகிறது என்று திட்டும் வாங்குகிறோம்.

இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண் என்றால் போதும், வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு என்கிறது. நடைமுறையில் எந்த வக்கீல் கிடைக்கிறார், எப்போது வருகிறார் என்பது வேறு பேச்சு. ஆனாலும் நாகர்கோவிலில் கேட்கப்படாத ஒரு கடிதம் லண்டனில் கேட்கப்படுகிறது.

அந்தக் கடிதத்துக்குச் சில மருத்துவர்கள் கட்டணமும் கேட்டார்கள். என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் அடங்காத வேலை என்பது அவர்கள் நியாயம். கையில் பஸ் காசு இல்லாமல் வீட்டைவிட்டு வந்தவளிடம் நூறு பவுண்டு என்றால் எங்கே போவாள்? இன்னொரு பக்கம், பெண்களின் உரிமைக்கான ஒரு அமைப்பு 24 மாத வரம்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரம்பு செல்லாது என்றது. அரசு முதலில் அதை ஐந்து வருடமாக்கி, பிறகு 2018 ஜனவரியில் முழுவதுமாக எடுத்தது. அடித்தவனின் கை பட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுவது நின்றது. 2021ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. வன்முறை செய்தவரே வக்கீல் இல்லாமல் நின்று அவளைக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வதைத் தடுத்தது. 80ஆம் பிரிவில், பொது மருத்துவர்கள் இந்தக் கடிதத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்றது.

கடிதத்தின் மாதிரி அரசு இணையதளத்தில் கிடைக்கிறது, ஒரு பக்கம்தான். உடற்காயம் மட்டுமின்றி மனரீதியான பாதிப்பும் அதில் வரும். இங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கிளினிக்கிலோ வார்டிலோ வேலை செய்பவர்கள் இருந்தால், பழைய குறிப்பில் மாடிப்படி என்று இருந்தாலும் கடிதம் எழுதலாம் என்பதை அறிந்திருங்கள். இன்று உங்கள் முன் உட்கார்ந்து அவள் சொல்வதையும் நீங்கள் காண்பதையும் வைத்து எழுதலாம். மொழிபெயர்ப்பாளரை மட்டும் முதலில் கூப்பிட்டுவிடுங்கள். கணவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.