கதை முடிந்த பின்னர்: வாசகர் தொடர்ந்த இலக்கியம் - ஒரு வரலாற்று நோக்கு

இன்றைய இளம் வாசகர் விரும்பிப் படிப்பவற்றுள் ஒருவகை எழுத்துத் தனியே நோக்கத்தக்கது. தமக்கு உவப்பான கதையொன்றின் மாந்தரையும் களத்தையும் எடுத்துக்கொண்டு, அக்கதை நின்ற இடத்திலிருந்து வாசகர் தாமே எழுதிச் செல்லும் எழுத்தே அது. 'இரசிகர் புனைகதை' என்னும் பெயரால் அது வழங்கப்படுகின்றது. மேனாட்டிலே 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள் 1967 ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட சிற்றேடுகளோடு இவ்வகை எழுத்துப் பரவலாயிற்று என்பர். இணையத்தின் வழியாகத் தமிழுக்கு வந்த புதுமை என்றும், சொந்தமாகக் கற்பனை செய்ய இயலாதோரின் பொழுதுபோக்கு என்றும் இதனை ஒதுக்குவோர் உளர். எனினும் தமிழிலக்கிய வரலாற்றை, சிறப்பாக இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றை, நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் மறுபரிசீலனைக்கு உரியன என்பது புலனாகும்.

இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் தலைசிறந்து விளங்குவது உமறுப்புலவரின் சீறாப்புராணம். வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலாலும் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவாலும் உருவானதாகக் கூறப்படும் இக்காப்பியம், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களையும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தப் பாக்களையும் உடையது. ஆயினும் நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாறு இதில் முற்றுப்பெறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகின்றது. மக்கா வெற்றியும் நபிகளாரின் மறைவும் உமறுவின் வாக்கிற் பாடப்படவில்லை.

இக்குறையை நிறைவு செய்ய முன்வந்தவர் உமறுவின் நூலை ஊன்றிக் கற்ற மற்றொரு புலவர். பனீ அகுமது மரைக்காயர் 18 ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூல் 'சின்னச் சீறா' என வழங்கும். இவர் போட்டிக் காப்பியம் ஒன்றைப் பாட முற்படவில்லை. முன்னவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பாடினார். 'சின்ன' என்னும் அடைமொழியே பெரிய சீறா ஒன்று முன்னே நிற்பதை உணர்த்தி, பட்ட கடனை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. நபிகளாரின் சரிதம் சமய வரலாறாதலின் அங்கே கற்பனைக்கு எல்லை உண்டு. எனவே அதனை இன்றைய இரசிகர் புனைகதையோடு முற்றாக ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால், கேட்ட கதை பாதியில் நின்றமை பொறாத ஒருவர் தாமே ஏடும் எழுத்தாணியும் எடுத்தமை இரண்டுக்கும் பொதுவான செயலாகும்.

தொடர்ச்சிகள் யாவும் இவ்வாறு பணிவோடு பிறந்தன அல்ல. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605 இல் 'டொன் குயிக்சோட்' நாவலின் முதற்பாகத்தை வெளியிட்டார். 1614 இல் அவெல்யனேடா என்னும் புனைபெயருள் மறைந்த ஒருவர், மூல ஆசிரியரை இகழ்ந்துரைக்கும் முன்னுரையோடு இரண்டாம் பாகமொன்றை வெளியிட்டார். செர்வாண்டிஸ் 1615 இல் தம்முடைய இரண்டாம் பாகத்திலே அப்போலி நூலைக் கதைமாந்தர் வாயாலேயே எள்ளி நகையாடியதோடு, வேறெவரும் தொடரா வண்ணம் நாயகனை இறக்கவும் செய்தார். கடனை ஒப்புக்கொண்ட தொடர்ச்சிக்கும் உரிமையைப் பறிக்க முயன்ற தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் நன்கு விளக்குகின்றன.

தமிழ் நாவலுலகில் இம்மரபுக்குத் தெளிவான சான்று கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆகும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்நாவல் முடிவுற்றபோது, கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்னும் வினா வாசகரிடையே எழுந்தது. கல்கி முடிவுரை ஒன்றெழுதி அவ்வினாக்களுக்கு விடையிறுத்தார். 1954 டிசம்பரில் அவர் காலமானார். ஆனால் வாசகரின் வேட்கை அடங்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை அதன் தொடர்ச்சியாக எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' என்னும் தொடர்ச்சியை எழுதினார். இவை கல்கியின் நாவலுக்கு நிகராயின என எவரும் கூறார். சின்னச் சீறாவும் சீறாப்புராணத்தின் புகழை எய்தவில்லை. அங்ஙனமாயின் இவற்றின் பயன் யாது?

இலக்கிய வரலாறு நூல்களையும் ஆசிரியர்களையும் பதிவு செய்யும். ஒரு நூலை மக்கள் எவ்வாறு படித்தனர், எவ்விடத்தில் மனம் நெகிழ்ந்தனர், எம்முடிவை ஏற்க மறுத்தனர் என்பவற்றை அது பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. படிப்பு ஓசையின்றி நிகழ்ந்து சுவடின்றி மறைவது. வாசகர் எழுதிய தொடர்ச்சியோ அப்படிப்பு விட்டுச்சென்ற சுவடு. உமறுவின் நூல் முற்றுப்பெறாமை அக்காலத்தவரை எவ்வளவு வருத்தியது என்பதற்குச் சின்னச் சீறாவே சான்று. ஆதலின் இத்தகைய எழுத்துகளைக் கலைத்தரம் என்னும் ஒரே அளவுகோலால் அளந்து ஒதுக்குதல் வரலாற்று மாணவருக்கு ஏற்புடையதன்று.

இவ்வுண்மை ஈழத்து முஸ்லிம்களின் வாசிப்பு வரலாற்றுக்குப் பெரிதும் வேண்டப்படுவது. நாவல் என்னும் வடிவம் இச்சமூகத்துக்குப் பிந்தி வந்ததன்று. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய கண்டி அறிஞர் சித்திலெப்பை, 1885 இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அதன் கதைத்தலைவன் எகிப்து நாட்டிலே பிறந்தவன். கடல் கடந்த நாடுகளின் கதையைத் தம் கதையாகக் கொள்ளும் பழக்கம் அன்றே இருந்தது. அப்பழக்கத்தின் தொடர்ச்சியை அம்பாறைக் கரையோரத்திலும் காணலாம். மருதமுனையிற் பிறந்த கவிஞர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன், தமிழக எழுத்தாளர் ஹஸனின் 'மஹ்ஜபீன்' என்னும் நாவலைச் செய்யுளிற் காவியமாக வடித்தார். உரைநடையிற் படித்த கதையை மரபுக் கவிதையில் மீளப் பாடிய அச்செயலில், சீறாவைப் பாடியும் பயன் சொல்லியும் வளர்ந்த பழைய வாசிப்பு முறையின் சாயலைக் காண்கின்றோம்.

அச்சேறிய நூல்களின் நிலை இதுவாக, அச்சேறாதவற்றின் நிலை இரங்கத்தக்கது. கரையோர ஊர்களிலிருந்து உள்ளே, இறக்காமம் பிரதேசத்தில் வயல்களின் நடுவே அமைந்தது வரிப்பத்தான்சேனை. இத்தகைய வேளாண்மைக் கிராமங்களிலே வாய்மொழியாகப் பாடப்பட்ட கவிகளை ஒருகாலத்தில் இலக்கியமென எவரும் கருதவில்லை. பாடியவர்களுட் பலர் பெண்கள். அவர்கள் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் முயன்று தொகுத்திராவிடின் எஞ்சியவையும் அழிந்திருக்கும். இன்று அதே கிராமத்து மாணவி ஒருத்தி, தான் படித்த நாவலின் முடிவு மனத்துக்கு ஒவ்வாது வேறொரு முடிவைக் கைத்தொலைபேசியில் எழுதுவாளாயின், அவ்வெழுத்து அவளது தொலைபேசி பழுதாகும் நாள்வரையே நிலைக்கும். கவிகளுக்கு நேரவிருந்த கதி இதற்கும் நேரலாம்.

ஆகவே இரசிகர் புனைகதை நல்லதா தீயதா என்னும் விவாதத்தினும், அதனைத் திரட்டிக் காப்பது எவ்வாறு என்னும் வினாவே முதன்மையானது. பொது நூலகங்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இப்பணியை எளிதிற் செய்யலாம். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, அவர் தொடர்ந்த மூலநூல் ஆகிய நான்கு விவரங்களோடு ஒரு படி வைக்கப்பட்டாற் போதும். மூலநூலைக் குறிக்கும் வழக்கம் பனீ அகுமது மரைக்காயரின் நேர்மையை இளையோருக்குக் கற்பிக்கும். ஊரைக் குறிக்கும் வழக்கம் வரிப்பத்தான்சேனை போன்ற ஊர்களிலும் வாசகர் வாழ்ந்தனர் என்பதைப் பின்வரும் ஆய்வாளருக்கு உணர்த்தும்.