வலைச் சேவையகங்களில் மையச் செயலகச் சுமை: காரணம் கண்டறிந்த வரலாறு

வலைச் சேவையகம் ஒன்றின் மையச் செயலகப் பயன்பாடு நூறு விழுக்காட்டை எட்டும்போது, பக்கங்கள் முதலில் தாமதமாகத் திறக்கும்; பிறகு திறக்காமலே போகும். பார்வையாளர் கூட்டம் பெருகியதே காரணம் என்றும், கூடுதல் சேவையகம் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும் தளங்களை முடக்கிய பல நிகழ்வுகளில் கூட்டம் சிறிதும் கூடவில்லை. செயலகப் பயன்பாட்டைக் காட்டும் எண் காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போன்றது. நோய் எதுவென்று அது சொல்வதில்லை. அந்த நோயைக் கண்டறியும் முறை படிப்படியாக வளர்ந்த விதத்தை இக்கட்டுரை விவரிக்கிறது.

சுமையை அளக்கத் தொடங்கிய காலம்

சுமையை அளக்கும் பழக்கம் வலையை விடப் பழையது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தில், அது எவ்வளவு நெருக்கடியில் உள்ளது என்று அறிய வேண்டியிருந்தது. டெனெக்ஸ் இயங்குதளம் இதற்காகச் 'சராசரிச் சுமை' என்ற அளவைப் பயன்படுத்தியது. 1973 ஜூலை மாதத்திற்கான டெனெக்ஸ் சுமை அளவுகள், அர்பாநெட் வலையமைப்பின் ஆவண வரிசையில் அதே ஆண்டு வெளியாயின. பின்னர் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களும் இந்த அளவை ஏற்றுக்கொண்டன.

செயலகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறைகள், தம் முறைக்காகக் காத்திருக்கும் செயல்முறைகள் ஆகியவற்றின் சராசரி எண்ணிக்கையே சராசரிச் சுமை. இது 1, 5, 15 நிமிடங்களுக்குத் தனித்தனியே காட்டப்படும். நான்கு உள்ளகங்கள் கொண்ட கணினியில் 4 என்பது முழு வேலை. 16 என்பது நீண்ட வரிசை.

லினக்ஸில் 1993-இல் செய்யப்பட்ட ஒரு மாற்றம், வட்டுக்காகக் காத்திருக்கும் செயல்முறைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தது. ஆகவே லினக்ஸ் சேவையகத்தில் சராசரிச் சுமை உயர்ந்திருந்தாலும் செயலகம் ஓய்வாக இருக்கலாம். குறை வட்டில் இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் தவறான இடத்தில் தேடுவது இன்றும் நடக்கிறது.

மொத்தச் சுமை தெரிந்தாலும் அதை உண்டாக்குவது எது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1984-இல் வில்லியம் லெஃபெவ்ர் எழுதிய 'டாப்' என்ற நிரல், செயலகத்தை அதிகம் பயன்படுத்தும் செயல்முறைகளை வரிசைப்படுத்திக் காட்டியது. சேவையகம் திணறும்போது நிர்வாகிகள் முதலில் தட்டச்சு செய்யும் கட்டளைகளுள் அது இன்றும் ஒன்று.

பத்தாயிரம் இணைப்புகள்

1995-இல் வெளிவந்த அப்பாச்சி வலைச் சேவையகம் தொடக்கத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செயல்முறையை ஒதுக்கியது. இணைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, ஒரு செயல்முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதிலேயே செயலக நேரம் வீணாயிற்று. ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைக் கையாள்வது எப்படி என்ற சிக்கலை 1999-இல் டான் கெகல் முன்வைத்தார். இகோர் சிசோயெவ் உருவாக்கி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ், சில செயல்முறைகளைக் கொண்டே பல்லாயிரம் இணைப்புகளைக் கவனிக்கும் முறையைப் பரவலாக்கியது. இங்கே சுமைக்குக் காரணம் உண்மையிலேயே கூட்டம்தான். ஆயினும் தீர்வு பெரிய கணினியில் கிடைக்கவில்லை. வேலையைப் பங்கிடும் முறையை மாற்றியதில் கிடைத்தது.

கூட்டம் கூடாமல் வந்த சுமை

வலைப் படிவத்தில் வரும் புலங்களைப் பல நிரல்மொழிகள் ஹேஷ் அட்டவணையில் சேமிக்கின்றன. வழக்கமாக ஒவ்வொரு புலமும் நேரே தனக்குரிய இடத்துக்குச் செல்லும். எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் விழும்படி யாரேனும் தேர்ந்தெடுத்து அனுப்பினால், புதிதாக வரும் ஒவ்வொன்றையும் முன்னிருந்த அனைத்துடனும் ஒப்பிட வேண்டியிருக்கும். புலங்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்.

ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003-இலேயே இந்த ஆபத்தை எடுத்துக்காட்டினர். பெர்ல் மொழி அப்போதே தன்னைத் திருத்திக்கொண்டது. வேறு பல மொழிகள் கவனிக்கவில்லை. 2011 டிசம்பரில் அலெக்சாண்டர் கிளிங்கும் யூலியன் வேல்டேயும் பெர்லினில் நடந்த மாநாட்டில், ஒரு சில கோரிக்கைகளே சேவையகத்தை நெடுநேரம் முடக்க முடியும் என்று விளக்கினர். அடுத்த மாதமே பிஎச்பி மொழி ஒரு கோரிக்கைக்கு 1000 புலங்கள் என்ற இயல்பு வரம்பை விதித்தது.

2012 ஜூன் 30 நள்ளிரவில் உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கருனியின் ஒரு பகுதி நேரத்தை மாற்றிக்கொள்ள, நுண்ணிய நேரங்காட்டிகளைக் கவனிக்கும் பகுதி அதை அறியவில்லை. அரை நொடி உறங்கச் சொன்ன நிரல்கள் அந்த நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்டதாக எண்ணி உடனே விழித்தன. மீண்டும் உறங்கின, மீண்டும் விழித்தன. ஜாவா நிரல்கள் இயங்கிய பல சேவையகங்களில் செயலகம் முழுச் சுமையில் சுழன்றது. ரெடிட் உள்ளிட்ட தளங்கள் பாதிக்கப்பட்டன. தேதியை ஒருமுறை மறுபடி அமைத்தவுடன் சுழற்சி நின்றது.

செயல்முறையிலிருந்து செயற்கூறுக்கு

இத்தகைய வேளைகளில், ஜாவா அதிகச் சுமையில் உள்ளது என்று 'டாப்' சொல்வது போதாது. அதற்குள் எந்தச் செயற்கூறு ஓடுகிறது என்பது தெரிய வேண்டும். 2005-இல் சோலாரிஸ் இயங்குதளத்துடன் வந்த டிடிரேஸ், 2009-இல் லினக்ஸில் சேர்ந்த பெர்ஃப் ஆகியவை இயங்கும் நிரலை நிறுத்தாமலே உள்ளே பார்க்க உதவின. இவை தரும் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே படமாக்கும் 'ஃபிளேம் கிராஃப்' முறையை 2011-இல் பிரெண்டன் கிரெக் உருவாக்கினார். அப்படத்தில் அகலமாகத் தெரியும் பட்டையே செயலக நேரத்தை அதிகம் உண்ணும் செயற்கூறு.

இரண்டு தேடல் வடிவங்கள்

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. உரையின் ஓரங்களில் உள்ள வெற்றிடங்களை நீக்க எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடல் வடிவமே காரணம். ஒரு பதிவின் நடுவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து இருந்தன. தேடல் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 எழுத்துகளைக் கடந்து தோற்றது. இரண்டாவதிலிருந்து 19,999 கடந்து மீண்டும் தோற்றது. மொத்தம் ஏறக்குறைய 20 கோடிச் சோதனைகள். அப்பதிவு முகப்புப் பக்கத்தில் இடம்பெற்றதால் தளமே சாய்ந்தது.

2019 ஜூலை 2 அன்று இதே வகைப் பிழை உலக அளவில் நிகழ்ந்தது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் பாதுகாப்பு அரணுக்கான புதிய விதிகளை உலகப் பொது நேரப்படி பிற்பகல் 1:42-க்கு எல்லாச் சேவையகங்களுக்கும் ஒருசேர அனுப்பியது. அவை எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் சோதனை நிலையில் இருந்தன. ஆனால் பதிவு செய்யவும் விதி ஓடியாக வேண்டும். அவற்றுள் ஒன்றில் இருந்த தேடல் வடிவம் உலகெங்கும் அந்நிறுவனத்தின் செயலகங்களை நிரப்பியது. செயலக நேரத்துக்கு வரம்பிடும் பாதுகாப்பு சில வாரங்களுக்கு முன் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் உள்கருவிகளும் அதே சேவையின் பின்னால் இருந்ததால் பொறியாளர்களாலேயே எளிதில் நுழைய முடியவில்லை. தாக்குதலோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. ஒரு சேவையகத்திலிருந்து நேரடியாக எடுத்த செயலகத் தரவே அரணைச் சுட்டிக்காட்டியது. 2:07-க்கு அரண் நிறுத்தப்பட, இரண்டு நிமிடங்களில் நிலைமை சீரானது.

உரையின் நீளத்துக்கு ஏற்ற அளவில் மட்டுமே வேலை வளரும் தேடல் முறையைக் கென் தாம்சன் 1968-இலேயே வெளியிட்டிருந்தார். அத்தகைய உறுதி தரும் தேடல் பொறிக்கு மாறுவதாகக் கிளவுட்ஃபிளேர் இந்நிகழ்வுக்குப் பின் அறிவித்தது.

கண்டறியும் ஒழுங்கு

இந்த வரலாறு கேள்விகளின் வரிசை ஒன்றை விட்டுச்சென்றுள்ளது. செயலகம் உண்மையில் வேலை செய்கிறதா, வட்டுக்காகக் காத்திருக்கிறதா? எந்தச் செயல்முறை? அதில் எந்தச் செயற்கூறு? அந்நேரத்தில் வந்த கோரிக்கைகள் யாவை? கடைசியாக மாற்றப்பட்டது எது? சேவையகத்தை மறுதொடக்கம் செய்தால் சுமை தற்காலிகமாகக் குறையலாம். ஆனால் இயங்கிக்கொண்டிருந்த சான்றும் அழிந்துவிடும். எனவே முதலில் சான்றைச் சேமிப்பதே முறை. சில நிமிடங்களில் திரட்டப்படும் அத்தரவு இல்லையென்றால், அதே சுமை மறுபடி வரும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.