ஆண் அந்துக்கு மதிப்பு வந்த கதை

திருவண்ணாமலை ரமணாசிரமத்து வாயிலைத் தொட்டுச் செல்லும் செங்கம் சாலை, மேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரை அடைகிறது. ஆரணித் தறிகளுக்கு ஆதாரமான பட்டுக்கூடுகள் செழித்து விளையும் பீடபூமி அத்திசையில்தான் இருக்கிறதென்பதை, பட்டுடுத்தி அண்ணாமலையாரைத் தரிசிக்க வருவோரில் எத்தனை பேர் நினைப்பார்களோ அறியேன்.

திப்பு சுல்தான் காலத்தில் மைசூர்ச் சீமையில் வேரூன்றிய பட்டுத்தொழிலில், முட்டை எடுக்கும் வேலை நெடுங்காலம் குடியானவர் கையிலேயே இருந்தது. பிரான்சில் பெப்ரைன் நோய் பட்டுத்தொழிலைப் பாழாக்கியபோது, 1865இல் ஆராயப் புகுந்த லூயி பாஸ்டர், அது தாய்வழியே முட்டைக்குள் இறங்குவதைக் கண்டு, முட்டையிட்ட ஒவ்வோர் அந்துப்பூச்சியையும் நசுக்கி உருப்பெருக்கியில் பரிசோதிக்கும் முறையை வகுத்தார். முட்டை தயாரிக்கும் வித்தகங்களுக்கு இன்றளவும் அதுவே உயிர்நாடி. ஆயினும் பரீட்சை முழுதும் தாய்க்கே என்றாகிவிட்டது. ஆணோ மூன்று நான்கு மணி நேரம் இணைந்தபின் கையால் பிரிக்கப்பட்டு, குளிர்பெட்டியில் இளைப்பாறி, வேறொரு பெண்ணுக்கும் துணையாக வேண்டியதுதான். இந்தச் சிக்கனத்தை நான் குறை கூறவில்லை. ஆணின் வீரியத்தைக் கேளாமலே கணக்குப் போட்டதுதான் விந்தை.

கலப்பினப் புழுவின் மேன்மையை 1906இல் ஜப்பானின் டோயாமா எடுத்துரைத்தபின், நம் நாட்டிலும் மைசூர் இனப் பெண்ணுக்குக் குளிர்நாட்டு வம்சத்து ஆணைச் சேர்க்கும் வழக்கம் பரவிற்று. அப்போதுதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. கூட்டுக்குள் இருக்கும் பருவத்தில் 33 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் தொடர்ந்து வாடிய ஆண், பார்வைக்குத் திடகாத்திரமாக வெளிவந்து, குறைவின்றி இணையவும் செய்யும். பெண்ணும் வழக்கம்போல் நானூறு முட்டைகளை அட்டையில் ஒட்டிவைக்கும். எட்டாம் ஒன்பதாம் நாளில் கருவுற்றவை நீலம் பூக்க, மற்றவை மஞ்சளாகவே கிடந்து, நடுவில் குழிந்து சுருங்கிவிடும்.

வெயில் கெடுத்தது ஆணின் விந்தை. அந்தின் விந்தில் இருவகை அணுக்கள் உண்டு: ஒன்று கருவுடையது, மற்றது கருவற்றது. வீண் என்று தோன்றும் இக்கருவற்ற அணுக்கள் துணையின்றேல் மற்றவை பெண்ணின் விந்துப்பையை எட்டுவதே இல்லை. இரண்டும் செம்மையாக அமைந்தால்தான் தாயின் உழைப்பு பலிக்கும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலைச் சமவெளியில் கூடு வளர்ப்பதும் நெய்வதும் கூடுமாயினும், வித்துக்கான ஆண்களைப் பேணும் காரியம் ஓசூர் மேட்டுக்கும் குளிரூட்டிய அறைகளுக்கும் உரியதாயிற்று.