ஜான் பிங்கம்: ஒரு சொற்றொடரை ஆக்கியவர்

நமது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் உறுப்பில் ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்றொரு சொற்றொடர் உண்டு. அது அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்திலிருந்து பெறப்பட்டது என்பதைச் சட்டம் பயின்றோர் அறிவர். அதை எழுதிய ஜான் பிங்கமை அறிந்தோர் சிலரே.

1815இல் பென்சில்வேனியாவில் பிறந்த பிங்கம், ஒகையோவில் அடிமைமுறை எதிர்ப்புக்குப் பெயர்பெற்ற பிராங்க்ளின் கல்லூரியில் பயின்று, 1840இல் வழக்குரைஞரானார். 1855இல் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினரானார். 1859இல் ஓரிகானை மாநிலமாகச் சேர்க்க முற்பட்டபோது, கறுப்பின மக்களின் குடியேற்றத்தைத் தடுக்கும் விதியை அதன் அரசமைப்பு கொண்டிருந்ததால் எதிர்த்தார்.

அன்றைய இடர் இதுதான்: அரசமைப்பின் உரிமைப் பட்டியல் கூட்டாட்சி அரசையே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அன்று என 1833இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எனவே 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும், வேலையற்ற கறுப்பினத்தவரை ‘நாடோடிகள்’ எனத் தண்டித்துக் கூலிக்கு அனுப்பும் சட்டங்களைத் தென்மாநிலங்கள் இயற்றின. 1866 பிப்ரவரியில் பிங்கம் முன்வைத்த முதல் வரைவு ஒத்திவைக்கப்பட்டது. அவர் அதனை மாநிலங்கள் மீதான நேரடித் தடையாகத் திருத்தி எழுதினார். சமமான பாதுகாப்பைக் ‘குடிமக்களுக்கு’ என்று சுருக்காமல், ‘எந்த நபருக்கும்’ என விரித்தார். 1868இல் அது சட்டமாயிற்று.

அவர் குறையற்றவர் அல்லர். லிங்கன் கொலை வழக்கில் அரசுத் தரப்பில் வாதிட்ட அவர், படைத்துறையைச் சாராத குடிமக்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றார். உரிய சட்ட நடைமுறையை மாநிலங்களிடம் வலியுறுத்திய கைதான் அதையும் எழுதியது. கிரெடிட் மொபிலியர் என்னும் இரயில் நிறுவனப் பங்கு ஊழலிலும் அவர் பெயர் அடிபட்டது. 1872இல் கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. பின்னர் 12 ஆண்டுகள் ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தார்.

1896இல், இரயிலில் இனவாரியாகத் தனிப்பெட்டிகள் வைப்பது 14ஆம் திருத்தத்துக்கு முரணன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் சொற்கள் இவ்வாறு பொருள் இழந்த காலத்திலேயே, 1900இல், பிங்கம் மறைந்தார். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அதே சொற்களைக் கொண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்.

அதற்கு நான்காண்டுகள் முன்பே அச்சொற்கள் இந்திய அரசமைப்பில் நடைமுறைக்கு வந்துவிட்டன. நமது 14ஆம் உறுப்பும் குடிமக்களோடு நின்றுவிடவில்லை. இந்திய எல்லைக்குள் உள்ள அயல்நாட்டவரும் அதன் காப்புக்கு உரியவரே. இனி அதைப் படிக்கும்போது ‘நபர்’ என்னும் சொல்லில் ஒரு கணம் நின்று கடப்போமாக.